சிவப்பு நூலும் ரெண்டு முட்டையும்

என் வயசுக்காரிங்க யாராவது இதப் படிச்சா, இல்ல பேரப்புள்ளைங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டா, சிரிக்காம கேளுங்க.

போன மாசம் என் மருமவ கேக்கு சுடுற பொட்டி ஒண்ணு வாங்கினா. கரண்டுல சூடாவுற பொட்டி. முன்னாடி ஒரு திருகு இருக்கு, அதைச் சுத்தி நம்பருங்க. எனக்கு வசதியா இருக்கட்டும்னு அந்தத் திருகுப் பக்கத்துல சிவப்பா ஒரு பொட்டு ஒட்டினா. "அத்தே, நான் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள சூடு பண்ணி வைங்க. நம்பரெல்லாம் பாத்து நீங்க பேஜாரு பட வேணாம். இந்தப் பொட்டுக்கு நேராத் திருப்புனா போதும்"னு சொல்லிட்டுப் போனா. நல்ல மனசோடதான் சொன்னா. அவ வண்டி தெருமுனை திரும்புறதுக்குள்ள நான் அந்தப் பொட்டை நகத்தால சுரண்டி எடுத்துக் குப்பையில போட்டேன்.

சாயந்திரம் வந்து, "பொட்டு எங்கத்தே?"ன்னா.

"எனக்கு நம்பரு படிக்கத் தெரியும்"னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. கோவம்னு நெனைச்சுக்கினா போல. கோவமில்ல. சொல்ல ஆரம்பிச்சா ஒரு நாள் பத்தாது, அவளுக்கு மறுநாள் வேலைக்குப் போவணும். அதனால பேத்தியோட பழைய நோட்டுல இதை எழுதறேன். மூணாவது வரைக்கும் படிச்ச கை, எழுத்து கொட்டை கொட்டையா மெதுவாத்தான் வருது. எனக்கு எங்கயும் ஓட வேண்டியதில்ல.

எனக்கு அப்ப எட்டு வயசோ ஒம்போது வயசோ. திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற ரோட்டுல, ஊரு முடிஞ்சு புளியமரங்க ஆரம்பிக்கிற எடத்துல ஒரு சாக்பீஸ் கம்பேனி இருந்துச்சு. கம்பேனின்னதும் பெருசா நெனைக்காதீங்க. நீளமா ஒரு தகரக் கொட்டாய், பின்னால ஒரு கெணறு, கொட்டாயை ஒட்டினாப்புல ஒரே ஒரு ரூம்பு. அந்த ரூம்புலதான் நானும் அம்மாவும். அப்பா நான் நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போய்ட்டாரு. அம்மா கம்பேனியில வேலை செய்யற வரைக்கும் அந்த ரூம்பு எங்களுது. வேலை போனா ரூம்பும் போச்சு. பொறந்த ஊரு திருவக்கரையில அம்மாவுக்கு ஒரு கைப்பிடி மண்ணு கூட கிடையாது. திரும்பிப் போனா மத்தவங்க கொல்லியில களை எடுக்கணும், யாரு வூட்டுத் தாழ்வாரத்துலயாவது படுக்கணும். இது எனக்கு அந்த வயசுலயே நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நான் பண்ணதைத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

மரக்காணத்து உப்பளத்துலேர்ந்து மாட்டு வண்டியில கல்லு வரும். உப்புக்கு அடியில படியுற கல்லு, உடைச்சா கண்ணாடிச் சில்லாட்டம் மினுக்கும். மொதலாளி அதை ஜிப்சம்னு சொல்லுவாரு. நாங்க பளிங்குக்கல்லும்போம். அதை இடிச்சு, மாவாக்கி, சலிச்சு, ஒரு பெரிய இரும்புச் சட்டியில கொட்டி வறுக்கணும். கல்யாண வூட்டுல பாயசம் காய்ச்சற சட்டியை விடப் பெருசு. அடியில சவுக்கு விறகும் மல்லாட்டைத் தொப்பையும், அதான் வேர்க்கடலைத் தோலு, எரியும். வறுத்த மாவுல தண்ணி ஊத்திக் கரைச்சு அச்சுல ஊத்தினா, வெத்தலை மடிச்சு வாயில போடுற நேரத்துல கல்லா இறுகிடும். அதான் சாக்பீஸு. மல்லாட்டை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து அச்சுக்குத் தடவுவாங்க. அந்த வாசனை இன்னிக்கு எங்கயாவது வந்தா நான் அங்க நிக்க மாட்டேன்.

இதுல சூட்சுமம் எல்லாம் சூட்டுலதான். சூடு பத்தலன்னா மாவு பச்சையா நின்னுடும், அச்சுல இறுகாது. சூடு மீறிப் போனா மாவு செத்துடும், அப்பவும் இறுகாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு. எங்களுக்கு முன்னால வறுத்துக்கினு இருந்த ஆளு, குடிச்சுட்டு அடுப்பை எரிய விட்டுட்டு மரத்தடியில தூங்கிட்டான். ஒரு வண்டி மாவு செத்துப் போச்சு. அவனைத் தொரத்தின பிறகுதான் மொதலாளி பட்டணத்துக்குப் போயி டிகிரிக் குச்சி வாங்கியாந்தாரு. முழங்கை நீளத்துக்குக் கண்ணாடிக் குச்சி, உள்ளுக்குள்ள பாதரசம். சட்டியில மாவுக்கு நடுவுல ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதுக்குள்ள இந்தக் குச்சியை, நம்பரு வெளிய தெரியறாப்புல விடுவாங்க. சூடு ஏற ஏறப் பாதரசம் வெள்ளி நூலாட்டம் மேல ஏறும்.

வறுக்கிற வேலையை அம்மாவுக்குக் கொடுத்தாரு. அதுவரைக்கும் அம்மா மாவு சலிச்சுக்கினு இருந்தவங்க. "ஐயா, எனக்கு நம்பரு தெரியாதே"ன்னாங்க அம்மா.

"நம்பரு உனக்கு எதுக்கும்மா? இந்தா பாரு." மொதலாளி தன் மணிக்கட்டுல கட்டியிருந்த கோயில் கயித்துலேர்ந்து சிவப்பு நூலு ஒண்ணை உருவி, குச்சி மேல ஒரு எடத்துல சுத்தி முடிச்சுப் போட்டாரு. "பாதரசம் இந்த நூலைத் தொட்டதும் விறகை இழுத்துடு. நூலுக்கு மேல ஒரு மயிரளவு ஏறக் கூடாது. ஏறிச்சு, அவனுக்கு ஆன கதிதான் உனக்கும்."

அம்மா அப்படியே செஞ்சாங்க. நூலைத் தொட்டா நெருப்பை இழுப்பாங்க. மாசி, பங்குனி ரெண்டு மாசமும் ஒரு சட்டி கூட வீணாப் போவல. காஞ்ச சாக்பீஸை உடைச்சா 'டக்'னு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் பரீட்சை. அச்சு ஊத்துற பொம்பளைங்கள்ல மூத்தவங்களை நான் அத்தைன்னு கூப்புடுவேன். அவங்க தெனமும் காலையில ஒண்ணை எடுத்து அம்மா காதுகிட்ட 'டக்'னு ஒடிப்பாங்க. "கேட்டியாடி? உன் மாவு பேசுது"ம்பாங்க.

மாவு வறுபடறப்ப கொதிக்கும். தண்ணியே ஊத்தாத காஞ்ச மாவு பாலு மாதிரி கொதிக்கும், குமிழ் வுட்டு மேல எழும்பும், பொக பொகயா ஆவி வரும். அப்புறம் மெதுவா அடங்கும். அம்மா பெரிய மரத் துடுப்பால தள்ளிக்கினே இருப்பாங்க. கண்ணு இமையெல்லாம் வெள்ளை. நான் வாசல்ல நின்னு பாப்பேன், கிட்டப் போவ விட மாட்டாங்க.

டிகிரிக் குச்சிக்கு ஒரு மரப்பொட்டி, உள்ள பச்சைத் துணி. அந்தப் பொட்டியை மொதலாளி சாமி படத்துக்குப் பக்கத்துலதான் வச்சிருப்பாரு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கம்பேனி சாமானுங்களுக்கெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிற வழக்கம். சட்டிக்கு, துடுப்புக்கு, அச்சுங்களுக்கு, கடைசியா டிகிரிக் குச்சிக்கு. என் கை சின்னக் கை, பதமாப் பிடிக்கும், போட்டு உடைக்க மாட்டேன்னு மொதலாளி அந்த வேலையை எனக்குக் கொடுத்தாரு. எனக்கு எவ்வளவு பெருமைன்னு கேக்காதீங்க. பொட்டு வைக்கறப்ப அம்மா கூட என் பக்கத்துல நிப்பாங்க, தொட மாட்டாங்க. நான் தொடுவேன்.

கத்திரி வெயிலுல ஒரு வெள்ளிக்கிழமை. குச்சியைத் தொடைச்சா கண்ணாடி பளபளன்னு ஆச்சு, நூலு மட்டும் அடுப்புக் கரி ஏறிக் கன்னங்கரேல்னு இருந்துச்சு. எனக்கு அது பொறுக்கல. பளிங்காட்டம் குச்சி, அதுல அழுக்கு நூலு. அம்மா அன்னிக்கு கெணத்தடியில துடுப்பு கழுவிக்கினு இருந்தாங்க, யாரும் பாக்கல. முடிச்சை அவிழ்த்தேன். சீயக்காய்த் தண்ணியில போட்டுக் கசக்கினேன். நல்ல செவப்பு வந்துச்சு. வெயிலுல காய வச்சு, திரும்பக் கட்டினேன்.

எங்க கட்டணும்னு எனக்குத் தெரியும்னு நெனைச்சேன். நூலு இருந்த எடத்துல, கண்ணாடி மேல ரெண்டு முட்டை மாதிரி எழுதியிருந்ததைப் பல தடவ பாத்திருக்கேன். தேடினேன், ரெண்டு முட்டை கெடைச்சுச்சு. அதும் மேல கட்டினேன். குங்குமம் வச்சேன். மொதலாளி வந்து பாத்து, "நூலைக் கூட வெளுத்துட்டியா! கெட்டிக்காரி"ன்னு என் தலையைத் தொட்டாரு.

மறுநாள் சட்டி ஏத்தினாங்க. எப்பவும் உச்சி வேளை ஆவும். அன்னிக்கு வெயில் ஏறுறதுக்குள்ள பாதரசம் நூலைத் தொட்டுடுச்சு. அம்மா துடுப்பை நிறுத்தி, "இது இன்னா, மாவு இன்னும் கொதிக்கவே இல்லியே? அடியில மட்டும் நாலு குமிழ் வுட்டுது"ன்னாங்க.

மேற்பார்வை பாக்கற மேஸ்திரி மொதலாளியோட மச்சான். வாசல்லேர்ந்தே கேட்டாரு. "நூலைத் தொட்டுச்சா?"

"தொட்டுச்சு மேஸ்திரி. ஆனா மாவு..."

"தொட்டுச்சுல்ல? இழு விறகை. உன் கண்ணு பெருசா, பட்டணத்துக் கண்ணாடி பெருசா?"

அம்மா இழுத்துட்டாங்க. மொதலாளிக்குச் சந்தோஷம். "பாரு, பாதி விறகு மிச்சம் பண்ணிட்டா"ன்னு மேஸ்திரிகிட்டச் சொன்னாரு. நானும் சந்தோஷப்பட்டேன். என் நூலு நல்ல நூலுன்னு.

அன்னிக்குச் சாயந்திரமே மொதலாளி விழுப்புரம் கெளம்பிட்டாரு. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள அந்தப் பக்கத்து இஸ்கூலுங்களுக்கெல்லாம் சாக்பீஸ் கொடுக்கறதா பேச்சு. அதை முடிக்கப் போனாரு. போறப்ப, "வந்து பாக்கும்போது பொட்டி பொட்டியா அடுக்கியிருக்கணும்"னாரு.

காலையில அத்தை மாவைக் கரைச்சு அச்சுல ஊத்தினாங்க. வெத்தலை போட்டாங்க. மென்னு துப்பியாச்சு. இறுகல. மத்தியானம் வரைக்கும் வுட்டு அச்சைத் தொறந்தா, அரிசி மாவு ஊறினாப்புல ஒழுவுச்சு. வெயிலுல காய வச்சா ஒரு மாதிரிக் கெட்டியாச்சு, கையில எடுத்தா உதிர்ந்துச்சு. அத்தை ஒண்ணை ஒடிச்சாங்க. சத்தமே வரல.

"கல்லு புதுக் கல்லு, அதான்"னாங்க அத்தை. "மழையில நனைஞ்ச கல்லா இருக்கும்."

"கெணத்துத் தண்ணி உப்பு ஏறிடுச்சு"ன்னா இன்னொருத்தி.

மேஸ்திரி அம்மாவைப் பாத்தாரு. "மரமே கல்லாவுற ஊர்லேர்ந்து வந்தவ. உன் கையில மாவு கல்லாவ மாட்டேங்குதே!" எல்லாரும் சிரிச்சாங்க. திருவக்கரையில மரம் கல்லாக் கெடக்கறது எல்லாருக்கும் தெரியும்ல. அம்மாவும் சேந்து சிரிச்சாங்க. அது சிரிப்பு இல்லன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு.

ரெண்டாவது சட்டி. பொட்டியைத் தொறந்து அம்மா குச்சியை எடுத்தப்ப நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். வெளிச்சம் நேரா அது மேல விழுந்துச்சு. நூலுக்கு அடியில ரெண்டு முட்டை. சரி. நூலுக்கு மேல, நாலு வெரக்கடை தள்ளி, அங்கயும் ரெண்டு முட்டை. அதுக்கும் மேல இன்னொரு ரெண்டு முட்டை. கீழயும் ஒண்ணு. எத்தனை ஜோடி முட்டை! அதுல எந்த ஜோடி?

சொல்லியிருக்கணும். நீங்களும் அதைத்தான் நெனைப்பீங்க. ஆனா எனக்கே நிச்சயமாத் தெரியல. ஒரு வேளை நான் கட்டினது சரியா இருந்து, கல்லுதான் மோசமோ என்னவோ. அதுவும் போவ, சொன்னா மொதலாளி என் தலையைத் தொட்ட கையாலயே அம்மாவை வெளிய தள்ளுவாரு. வாயைத் தொறந்தா ரூம்பு போவும்னு நெனைச்சேன். தொறக்காததாலதான் ரூம்பு போவப் போவுதுன்னு எட்டு வயசுக்குத் தெரியல.

பாதரசம் சீக்கிரமா ஏறி நூலைத் தொட்டுச்சு. அம்மா அடுப்பையும் நூலையும் மாறி மாறிப் பாத்தாங்க. "மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் எரிய வுடட்டா? மாவு கேக்குது."

"மாவு கேக்குதா, நீ கேக்கறியா? போன ஆளு செத்த மாவு பண்ண மாதிரி நீயும் பண்ணு. மச்சானுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்." 

அம்மா விறகை இழுத்தாங்க. அந்தச் சட்டியும் போச்சு.

மறுநாள் மத்தியானம் உதிர்ந்த சாக்பீஸ் கொட்டாய் முழுக்க வெள்ளைப் புழுதியாக் கெடந்துச்சு. மேஸ்திரி அச்சு ஊத்துற பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. அவங்க முன்னாடி அம்மாகிட்டக் கேட்டாரு. கேக்கக் கூடாத கேள்வி.

"வூட்டுக்குத் தூரமா இருக்கச்ச சட்டியைத் தொட்டியா?"

அம்மா முகத்துல மாவு அப்பியிருந்துச்சு, அதனால நிறம் மாறினது தெரியல. "இல்ல"ன்னாங்க.

"சாமிக்குப் பொட்டு வைக்கிற சாமான் அது. தீட்டு பட்டா எப்படி இறுகும்? நல்ல கல்லு, நல்ல தண்ணி, நல்ல கண்ணாடி. கெட்டது நீதான்."

அத்தை, "அய்யே, மேஸ்திரி, ஆம்பள கேக்கற கேள்வியா இது? வுடுங்க"ன்னாங்க.

"அப்ப சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணட்டும். வாய்ச் சொல்லை எவன் நம்புவான்?"

சாமி படத்துக்கு முன்னாடியே சூடப் பொட்டி இருந்துச்சு. மேஸ்திரி ஒரு கட்டி எடுத்து நீட்டினாரு. தட்டுல வச்சு ஏத்தி அடிச்சு அணைக்கறதுதான் வழக்கம். அம்மா தட்டு கேக்கல. வலது உள்ளங்கையில வச்சாங்க. "ஏத்து"ன்னாங்க. மேஸ்திரி ஒரு நிமிஷம் தயங்கினாரு, அப்புறம் தீக்குச்சி கிழிச்சாரு.

நான் வாசப்படியில நின்னேன். என் வாய்க்குள்ள ரெண்டு முட்டையும் இருந்துச்சு. 'அம்மா, நூலை நான் அவுத்தேன்'. இவ்வளவுதான். நாலு சொல்லு. நெருப்பு அம்மா கையில நீலமா எரிஞ்சு மஞ்சளாச்சு. அம்மா கையை ஆட்டல. "நான் தொடல. தொட்டிருந்தா என் புள்ள மேல வரட்டும்"னாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்த நேரத்துல யாரால வாயைத் தொறக்க முடியும்? எனக்கு முடியல. சூடம் தானா எரிஞ்சு அடங்குற வரைக்கும் அம்மா கையை மூடல.

அன்னிக்குச் சாயந்திரம் மொதலாளி வந்துட்டாரு. சாக்பீஸ் கேட்டவங்க நாலு நாளு கெடு கொடுத்திருக்காங்க. கொட்டாயைப் பாத்தாரு, புழுதியைப் பாத்தாரு. மேஸ்திரி எல்லாத்தையும் சொன்னாரு. மொதலாளி அம்மாகிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நூலைப் பாத்தியா?"

"பாத்தேன் ஐயா."

"மேஸ்திரி, நீ பாத்தியா?"

"நானும் பாத்தேன். நூலைத் தொட்டதும்தான் இழுத்தா."

"நாளைக்கு நான் நிக்கறேன். மூணாவது சட்டியும் போச்சுன்னா அந்த ரூம்பைக் காலி பண்ணிடும்மா. எனக்கும் மனசு இல்ல, என்ன பண்ண?"

அம்மா ரூம்புக்கு வந்து துணிங்களை மூட்டை கட்டினாங்க. இடது கையாலதான் கட்டினாங்க. வலது கையில வெண்ணெய் தடவித் துணி சுத்தியிருந்துச்சு. முடிச்சைப் பல்லால இழுத்தாங்க. எனக்குக் கேப்பைக் கூழு ஊத்தினாங்க, அவங்க குடிக்கல. நான் சாப்பிட்டேன். அதை இன்னிக்கும் மறக்கல, நான் வழிச்சு நக்கிச் சாப்பிட்டேன்.

மூணாவது சட்டி. மொதலாளி நாற்காலி போட்டுக் கொட்டாய்க்குள்ளயே உக்காந்தாரு. மேஸ்திரி அடுப்புக்கு இந்தப் பக்கம். அத்தையும் மத்தவங்களும் அச்சுங்களைத் தொடைச்சுக்கினு வாசல்ல நின்னாங்க. சவுக்கு விறகு வெடிக்கிற சத்தமும், துடுப்பு சட்டியில உரசுற சத்தமும்தான். அம்மா இடது கையாலயும் வலது முழங்கையாலயும் தள்ளினாங்க. பாதரசம் ஏறுது. நான் தூணைப் பிடிச்சுக்கினு அதையே பாத்தேன். ஒரு கடுகு அளவு. இன்னொரு கடுகு அளவு. நூலுக்குக் கீழ ஒரு வெரக்கடை. அரை வெரக்கடை. மாவு மேல ஒரு குமிழ் கூட இல்ல, கோலமாவு கொட்டி வச்ச மாதிரி அசையாம இருக்கு.

தொட்டுடுச்சு.

"இழு"ன்னாரு மேஸ்திரி.

அம்மா குனிஞ்சு விறகைப் பிடிச்சாங்க.

"இழுக்காதம்மா!" என் தொண்டைதான் கத்துச்சு. "நூலு அங்க இல்லம்மா. நான்தான் அவுத்தேன். அழுக்கா இருந்துச்சுன்னு அவுத்துத் துவைச்சுக் கட்டினேன். தப்பு எடத்துல கட்டிட்டேன்."

அம்மா குனிஞ்சபடியே நின்னுட்டாங்க. கையில விறகு பிடிச்சது பிடிச்சபடி.

"பாத்தியா, தாயைக் காப்பாத்தப் பொய் சொல்லுது"ன்னாரு மேஸ்திரி. "இழு விறகை!"

மொதலாளி எழுந்தாரு. "இரு. எம்மா, இங்க வா. எங்க இருந்துச்சு நூலு?"

"ரெண்டு முட்டை மேல."

"ரெண்டு முட்டையா? நூறு, எரநூறு, முந்நூறு, எல்லாத்துலயும்தான் ரெண்டு சைபர் இருக்கு. எதுல?"

எனக்கு அதுக்குப் பேரு தெரியாது. சொல்லத் தெரியல. கீழ கெடந்த சாக்பீஸ் ஒண்ணை எடுத்துத் தரையில வரையப் போனேன். வச்ச உடனே கையிலயே மாவா உதிர்ந்துச்சு. இன்னொண்ணு எடுத்தேன். அதுவும் உதிர்ந்துச்சு. அம்மாவோட கெட்டுப் போன சாக்பீஸு, அது எதை எழுதும்? அடுப்போரம் ஒரு கரித்துண்டு கெடந்துச்சு. அதை எடுத்து, செவுத்துல, கண்ணை மூடிக்கினு, அந்தக் குச்சியில பாத்ததை அப்படியே போட்டேன். ரெண்டு முட்டை. அதுக்கு முன்னாடி, மீனு பிடிக்கிற தூண்டி முள்ளு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா வச்ச மாதிரி ஒண்ணு.

மொதலாளி செவுத்தைப் பாத்தாரு. சட்டைப் பையிலேர்ந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாரு. குச்சிக்கிட்டக் குனிஞ்சாரு. ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தாரு.

"எரநூறுல கட்டியிருக்கு"ன்னாரு. "முந்நூறுல இருக்கணும்."



"எரிய வுடும்மா"ன்னாரு.

அம்மா விறகை உள்ள தள்ளினாங்க. பாதரசம் நூலைத் தாண்டுச்சு. இன்னும் ஏறுச்சு. முதல்ல ஓரத்துல ஒரு குமிழ், அப்புறம் நடுவுல. அப்புறம் சட்டி முழுக்க மாவு பால் பொங்கற மாதிரி எழும்பிச்சு, ஆவி கூரைத் தகரத்துல மோதித் தண்ணியாச் சொட்டுச்சு. அம்மா தள்ளிக்கினே இருந்தாங்க. மொதலாளி குச்சியை வுட்டுக் கண்ணை எடுக்காம, "இன்னும்... இன்னும்... இப்ப இழு"ன்னாரு. மாவு அடங்கி உக்காந்துச்சு.

ஆறினதும் அத்தை கரைச்சு ஊத்தினாங்க. வெத்தலையை எடுத்து வாயில போட்டு ரெண்டு மெல்லு மென்னாங்க. அச்சைத் தொறந்தாங்க. மறுநாள் காலையில ஒண்ணை எடுத்து, எல்லாரும் பாக்க, அம்மா காதுகிட்டக் கொண்டு போயி ஒடிச்சாங்க.

டக்.

அத்தை அழுதாங்க. அம்மா அழல.

மொதலாளி தொண்டையைச் செருமிக்கினு, "புள்ளைய அடக்கி வையும்மா. விளையாட்டுத்தனமா ஒண்ணைப் பண்ணி, எல்லாருக்கும் எவ்வளவு பேஜாரு பாரு"ன்னாரு. மேஸ்திரி தலையை ஆட்டினாரு. சூடத்தைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல.

அம்மா அப்பத்தான் பேசினாங்க. குரலை உசத்தல. "ஐயா, என் புள்ள பண்ணது தப்புதான். நான் படிக்காதவ, நூலைப் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. நீங்களும் நூலைத்தான பாத்தீங்க?"

குச்சியைப் பொட்டியில வைக்கறதுக்கு முன்னாடி அந்த நூலை மொதலாளியே அவுத்தாரு. மறுபடி கட்ட எடம் தேடினாரு. அம்மா, "வேணாங்க ஐயா, எனக்கு இனிமே நூலு வேணாம்"னாங்க. மொதலாளி நூலை விரல்ல சுத்திக்கினே வெளிய போய்ட்டாரு.

இத்தனை வருஷம் கழிச்சு எனக்குத் தோணுறது ஒண்ணு இருக்கு. நான் பாவம் பண்ணவதான், ஒத்துக்கறேன். ஆனா அத்தனை நாளும் அந்தக் குச்சியில நம்பரு கண்ணாடி மேல செதுக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. படிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரும் அதைப் பாத்தாங்க. படிக்கத் தெரியாதவளுக்குன்னு கட்டின நூலையே அவங்களும் படிச்சாங்க. படிக்காத பொம்பள, மாவு கொதிக்கலன்னு வாய் வுட்டுச் சொன்னா. அதை யாரும் காதுல வாங்கல. கல்லுல குத்தம் பாத்தாங்க, கெணத்துல குத்தம் பாத்தாங்க, அவ ஒடம்புல குத்தம் பாத்தாங்க.

அன்னிக்குச் சாயந்திரம் அம்மா மூட்டையை அவுத்துத் துணிங்களைத் திரும்பக் கொடியில போட்டாங்க. எனக்கு அடி வுழும்னு மூலையில உக்காந்திருந்தேன். அடிக்கல. என் எதிர்ல வந்து உக்காந்தாங்க. வலது கை துணிக்கட்டு. இடது கையை விரிச்சு என் முன்னாடி நீட்டினாங்க. புதுச் சாக்பீஸ் ஒண்ணை என் கையில கொடுத்தாங்க.

"செவுத்துல போட்டியே, அதை இதுல போடு."

போட்டேன். தூண்டி முள்ளு, முட்டை, முட்டை. அம்மா அதையே பாத்துக்கினு இருந்தாங்க. அழிச்சுட்டு மறுபடி போடச் சொன்னாங்க. அப்புறம் தரையில தானே போட்டுப் பாத்தாங்க, இடது கையால, கோணல் மாணலா. பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு என்னைக் கொண்டு போயிச் சேத்தாங்க. மூணு வருஷம் போனேன். அம்மா கடைசி வரைக்கும் முந்நூறுன்னு எழுதவும் படிக்கவும் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. வேற எழுத்து ஒண்ணும் கத்துக்கல.

மூட்டையை அவுத்த அன்னிக்கு ராத்திரி விளக்கை அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வலது கைத் துணியை அவுத்துப் பாத்துக்கினே, "நீ அன்னிக்கே, சூடம் ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் துணியைத் திரும்பச் சுத்திக்கினு படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல எங்கூட இருந்தாங்க, எங்கிட்ட எல்லாம் பேசினாங்க. அதை மட்டும் முடிக்கல.